செத்துப்போன பாஷையின் துள்ளுற வால்

கடல் தண்ணியில உப்பு இன்னும் சரியாக் கரையாத காலத்துல, ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். எந்த வருஷம்னு கேக்காதீங்க. போன தடவை ஒரு பெரிய மனுஷர் கேட்டார், எனக்கு வந்த கோவத்துல பாதிக் கதையை மறந்துட்டேன். கேக்கறதா இருந்தா கடைசியில கேளுங்க.

ஊர் பேரு கருங்கல்துறை. ராஜா பேரு மகுடவர்மன். கெட்டவன்னு சொல்ல முடியாது. ஆனா சலிச்சுக்கிட்டே பொறந்து, சலிச்சுக்கிட்டே வளர்ந்து, சலிச்சுக்கிட்டே சிம்மாசனத்துல ஏறினவன். பாயசத்துல முந்திரி இருந்தா "ஏன் இருக்கு?" இல்லேன்னா "ஏன் இல்ல?" எதைப் பாத்தாலும் தலையில கையை வெச்சுக்கிட்டு, "ஐயோ, ஐயோ, என் உயிரை வாங்குறீங்களே!"ன்னு ஒரு கத்தல்.

அவனுக்கு மூணு பெரிய சலிப்பு. ஒண்ணு, அரண்மனை. அது ஊருக்கு நடுவுல இருந்துச்சு, கடல் காத்து எட்டிக்கூடப் பாக்காது. ரெண்டு, பட்டத்து யானை. அது வளர்ந்துக்கிட்டே போச்சு, கோட்டை வாசல் வளரல. மூணு, ஜனங்க. வரியை ஏத்தினா "முடியாது". மழையில நின்னு வாழ்க சொல்லச் சொன்னா "முடியாது". இப்படி ஒரு ஊரைக் கட்டி ஆளறது லேசா சொல்லுங்க?

அந்த மூணாவது சலிப்புல ரொம்பக் குத்தினது ஒரு "முடியாது". அதைச் சொன்னது மரிக்கொழுந்துன்னு ஒரு பொண்ணு. அவளும் அவ அக்கா பேச்சியும் கடற்கரையில சுண்டல் கடை வெச்சிருந்தாங்க. அப்பா அம்மா இல்ல, ஒருத்திக்கு ஒருத்திதான். அக்கா வாய் திறந்தா அக்கரைக்குக் கேக்கும். தங்கச்சி மெதுவாப் பேசுவா, ஆனா பேசினது பேசினதுதான்.

ராணிக்கு ஒரு தம்பி, உக்கிரபாகு. வாய் நிறைய வெத்தலை, கை நிறைய சவுக்கு. குதிரை தும்மினாலும் அடிப்பான். அவன் ஒருநாள் சுண்டல் கடைக்கு வந்து, தின்னு முடிச்ச தொன்னையை மரிக்கொழுந்து மேலயே வீசிட்டு, "உன்னை நான் கட்டிக்கப் போறேன்"னான்.

மரிக்கொழுந்து தொன்னையை எடுத்துக் கீழ போட்டா. "முடியாதுங்க"ன்னா.

"நான் ராஜாவோட மச்சான்!"

"ராஜாவே வந்து கேட்டாலும் முடியாதுங்க. சுண்டலுக்குத் தேங்காய் போடவா, வேணாமா?"

அவ்வளவுதான். அவன் அரண்மனைக்குப் போய் அக்கா மடியில விழுந்து அழுதான், அக்கா ராஜாகிட்ட அழுதா, ராஜா தலையில கையை வெச்சுக்கிட்டான். "ஐயோ, ஐயோ, என் உயிரை வாங்குறீங்களே!"

அந்த நேரம் பாத்து மேற்குக் கடல்ல இருந்து ஒரு கப்பல் வந்துச்சு. அதுல இருந்து ஒரு மாயாவி இறங்கினான். தலையில அடுப்புப் புகைபோக்கி மாதிரி உயரமா ஒரு குல்லாய். கழுத்துல ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள்ள சின்னதா ஒரு வால். பல்லி போட்டுட்டுப் போன வால் துடிக்குமே, அதே மாதிரி துடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"என்னய்யா இது கண்றாவி?"ன்னு ராஜா மூக்கைப் பொத்திக்கிட்டான்.

"மகாராஜா, எங்க சீமைக்கும் அந்தாண்ட ரோமாபுரின்னு ஒரு சீமை. அங்கே லத்தீன்னு ஒரு பாஷை இருந்தது. பாஷை செத்துப்போச்சு. வால் மட்டும் சாகல. துள்ளிக் குதிச்சு எங்க இங்கிலீஷ் பாஷை முதுகுல வந்து ஒட்டிக்கிச்சு. இதுக்குப் பேரு ஏபிள். ஒரு காரியத்தோட பேரைச் சொல்லி, இந்த வாலை அதுக்குப் பின்னால ஒட்டி, எதைத் தொட்டாலும், அந்தக் காரியம் அதுக்கு முடியும்னு ஆயிடும்."

"எனக்கு ஒரு எழவும் புரியல."

"பாருங்க"ன்னு மாயாவி குப்பியைத் திறந்தான்.

"சொல்லைச் சொல்லு, வாலை ஒட்டு,
முடியாதது முடியும், தொட்டுக் காட்டு!
போர்ட்டபிள்!"

வால் போய் அரண்மனைத் தூணைத் தொட்டுச்சு. போர்ட்டபிள்னா தூக்கிட்டுப் போக முடியறதுன்னு அர்த்தம். கருங்கல் அரண்மனை, ஏழு மாடம், எல்லாம் காலி வைக்கோல் கூடை மாதிரி லேசாப் போச்சு. சமையல்காரன் ஒரு பக்கம், தோட்டக்காரன் ஒரு பக்கம் பிடிச்சாங்க, ராஜா உள்ளே ஊஞ்சல்ல உக்காந்தபடியே கடற்கரைக்கு வந்து சேர்ந்தான். ஜன்னல் வழியாக் காத்து பிச்சுக்கிட்டு வந்துச்சு. ராஜாவுக்கு வாழ்க்கையில முதல் தடவையா சலிப்பு போச்சு. எவ்வளவு நேரத்துக்கு? மத்தியானத் தூக்கம் வரைக்கும்.

தூங்கி எழுந்து ராஜா பல்லக்கு மண்டபத்துக்கு வந்தா, அங்கே முந்நூறு பேர் பந்தியில உக்காந்து அவியலைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காங்க! மேளம் கொட்டுது. மணமேடையில யாரோ ஒரு மாப்பிள்ளை.

"யாரு நீங்கல்லாம்? இது எந்த இடம்?"

"பக்கத்து ஊருங்க மகாராஜா. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கல. இது கரையில சும்மா கிடந்துச்சு."

"யாரைக் கேட்டுத் தூக்கினீங்க?"

"கேக்கறதா? தூக்க முடிஞ்சுது, தூக்கினோம். நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஐயோ, ஐயோ, என் உயிரை வாங்குறீங்களே!"

திருப்பித் தூக்கிட்டு வந்து, படகைக் கட்டுற மாதிரி அரண்மனைக்கு நங்கூரம் போட்டுக் கட்டி வெச்சாங்க. உங்களுக்கும் எனக்கும் இந்த இடத்துல புத்தி வந்திருக்கும். மாயாவியைக் கப்பல்ல ஏத்தி "போய்ட்டு வாப்பா"ன்னு அனுப்பியிருப்போம். ஆனா ராஜா என்ன சொன்னான் தெரியுமா? "வால் மேல தப்பில்ல, ஜனங்க மேலதான் தப்பு"ன்னான். சொல்லிட்டு யானையைக் கொண்டுவரச் சொன்னான்.

"சொல்லைச் சொல்லு, வாலை ஒட்டு,
முடியாதது முடியும், தொட்டுக் காட்டு!
ஃபோல்டபிள்!"

ஃபோல்டபிள்னா மடிக்க முடியறது. பட்டத்து யானையைப் பாகன் ஜமக்காளம் மடிக்கிற மாதிரி நாலா மடிச்சான். கோட்டை வாசலைத் தாண்டினதும் உதறிப் பிரிச்சான். யானை பாவம், ஒண்ணும் புரியாம முழிச்சுது. ராஜா அது மேல ஏறி நகர்வலம் கிளம்பினான். கடைத்தெரு வந்தப்போ வண்டிக்கு வழியில்ல. ஒரு வண்டிக்காரன் சும்மா இருப்பானா? இறங்கி வந்தான், தும்பிக்கையைப் பிடிச்சான், ராஜா மேல உக்காந்திருக்க உக்காந்திருக்கவே யானையை மடிச்சு ஓரமா வெச்சுட்டான். ராஜா கத்தரிக்காய்க் கூடையில விழுந்தான்.

"யாரைக் கேட்டு மடிச்சே?"

"கேக்கறதா? மடிக்க முடிஞ்சுது, மடிச்சேன். வழி வேணுமில்ல சாமி?"

"ஐயோ, ஐயோ, என் உயிரை வாங்குறீங்களே!"

யானையை வேப்பிலை போட்டுப் பெட்டியில வெச்சுப் பூட்டினாங்க. இப்பவாவது புத்தி வந்துச்சா? ம்ஹூம். என்னைப் பாக்காதீங்க, அந்த ராஜாவைப் போய்க் கேளுங்க. அவன் மாயாவி கையைப் பிடிச்சுக்கிட்டு, "தப்பு ஜனங்க மேலதான். இவங்க யாரும் எனக்கு வளைஞ்சு குடுக்க மாட்டேங்கிறாங்க. இவங்களுக்கு ஏதாவது செய்"ன்னு கெஞ்சினான்.

மாயாவி இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான். மெல்லச் சிரிச்சான். "செஞ்சுட்டாப் போச்சு மகாராஜா"ன்னு சொல்லிட்டு, ஊரெல்லாம் தண்ணி எடுக்கிற பெரிய குளத்துக்குப் போய் வாலை முக்கினான்.

"சொல்லைச் சொல்லு, வாலை ஒட்டு,
முடியாதது முடியும், தொட்டுக் காட்டு!
அட்ஜஸ்டபிள்!"

இதுக்கு நான் அர்த்தம் சொல்லணுமா? மூணு பேர் உக்கார்ற பஸ் சீட்டுல அஞ்சாவதா ஒருத்தர் வந்து இடுப்பை நுழைச்சுக்கிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ம்பாரே, அதேதான். நமக்காவது உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வரும். அந்தக் குளத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சவங்களுக்கு அதுவும் வராது. யார் எப்படித் திருப்பினாலும் அப்படியே திரும்புவாங்க, அதுவும் சிரிச்சுக்கிட்டே. ஊரே குடிச்சுது.

பேச்சி மட்டும் குடிக்கல. கொண்டைக்கடலை வாங்கறதுக்காகப் படகுல பக்கத்துத் துறைக்குப் போனவ நாலு நாள் அங்கேயே தங்கிட்டா. மூட்டையோட திரும்பி வந்து இறங்கினவ அப்படியே நின்னுட்டா.

படகுத்துறையில ஒரு சுங்கக்காரன் நாற்காலி கிடைக்காம ஒரு கூலியாள் முதுகு மேல உக்காந்திருந்தான். கீழே இருந்தவன் சிரிச்சுக்கிட்டு இருந்தான். மீன்காரம்மாகிட்ட ஒருத்தன் கூடையோட மீனை எடுத்துக்கிட்டு, "அப்புறம் தர்றேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னான். மீனுக்கு ஊரையே கூட்டுற அந்த அம்மா, "அதுக்கென்ன ராசா"ன்னு சிரிச்சா. சண்டை இல்ல, சத்தம் இல்ல, ஊர் முழுக்கப் பல்லு தெரியுது.

பேச்சி மூட்டையைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடினா. மரிக்கொழுந்து வாசல்ல பட்டுப்புடவை கட்டி உக்காந்திருந்தா.

"அக்கா, நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம்."

"யாரோடடி?"

"உக்கிரபாகுவோட."

"அடியே, அவன் குதிரையை அடிக்கிற அடியைப் பாத்து நீ ரெண்டு நாள் சாப்பிடலையேடி! அவனையா?"

"பரவாயில்லக்கா. அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்"ன்னு கொழுந்து சிரிச்சா. அந்தச் சிரிப்பு தங்கச்சி சிரிப்பே இல்ல.

பேச்சி அவ தோளைப் பிடிச்சு உலுக்கினா. "முடியாதுன்னு சொல்லுடி!"

"முடியாது"ன்னா கொழுந்து, உடனே, அதே சிரிப்போட.

பேச்சிக்கு உயிர் வந்துச்சு. ஆனா அதே நேரம் உக்கிரபாகு வெத்தலையைத் துப்பிக்கிட்டு உள்ளே வந்தான். "என்ன முடியாதா? சரின்னு சொல்லு."

"சரி"ன்னா கொழுந்து.

"முடியாதுன்னு சொல்லுடி!"

"முடியாது."

"சரின்னு சொல்லு!"

"சரி."

கொழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித் திரும்பிச் சிரிச்சுக்கிட்டே இருந்தா. கண்ணு மட்டும் சிரிக்கல, தண்ணி கோத்துக்கிட்டு நின்னுச்சு. அதைப் பாத்ததும் பேச்சி சட்டுனு வாயைப் பொத்திக்கிட்டா. நான் சொல்லச் சொல்லி இவ சொல்ற முடியாது எனக்கு எதுக்கு? இவனும் திருப்புறான், நானும் திருப்புறேன், இதுல என்ன வித்தியாசம்? அப்படின்னு நினைச்சா. உக்கிரபாகு "எல்லாம் குளத்துல முக்கின வாலோட மகிமை!"ன்னு ஹேஹேன்னு சிரிச்சான், கொழுந்தைப் பல்லக்குல ஏத்திக் கொண்டுபோயிட்டான்.

விடிஞ்சதும் பேச்சி அரண்மனைக்குக் கிளம்பினா. ராஜா காலைப் பிடிச்சாவது கல்யாணத்தை நிறுத்தச் சொல்லணும்னு நினைப்பு. உள்ளே நுழைஞ்சா, ராஜா எங்கே?

சிம்மாசனத்துல குல்லாய் மாயாவி கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான். கீழே, மிதியடி பக்கத்துல, நம்ம மகுடவர்மன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். கிரீடம் மாயாவி முழங்கால்ல மாட்டியிருக்கு.

"மகாராஜா! நீங்க ஏன் தரையில?"

"துரை கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொன்னாரும்மா"ன்னு ராஜா சிரிச்சான்.

புரிஞ்சுதா? அரண்மனைக்கும் அதே குளத்துத் தண்ணிதான். ரசத்துல, காப்பில, வாய் கொப்புளிக்கறதுல, எல்லாத்துலயும் அதேதான். ஜனங்க வளையணும்னு ஆசைப்பட்டானே, ஒரு செம்புத் தண்ணி தனியா எடுத்து வெச்சுக்கணும்னு தோணுச்சா? தோணல. இப்போ மந்திரி ஒரு பக்கம் திருப்பறான், மச்சான் ஒரு பக்கம் திருப்பறான், நாவிதன்கூட வந்து "தலையைத் திருப்புங்க"ன்னுட்டுப் போனவன், திருப்பி வைக்க மறந்துட்டானாம். ராஜா கழுத்து கோணலாவே நிக்குது. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... சரி விடுங்க.

எதிரே மணமேடை. மேளக்காரங்க, புரோகிதர், முன்வரிசையில ஒரு நாற்காலிக்கு நாலு பேரா பெரிய மனுஷங்க. உக்கிரபாகு மாலையோட நிக்கிறான். பக்கத்துல கொழுந்து.

"யாரு நீ? தள்ளி நில்லு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னான் மாயாவி.

"முடியாது"ன்னா பேச்சி.

மண்டபத்துல மேளம் நின்னுச்சு. நாலஞ்சு நாளா அந்தச் சொல்லை அங்கே யாரும் சொல்லல. மாயாவி முகம் சுருங்கிப் போச்சு. பணிவுக்குப் பழகிட்டான் பாருங்க, ஒரு சின்ன "முடியாது"கூடச் செரிக்கல.

"இவளுக்குத் தண்ணி குடுங்க!"

"தாகம் இல்ல."

"பாலைக் குடுங்க!"

"வேணாம்."

"பாயசமாவது குடிம்மா"ன்னு ராஜா கீழேயிருந்து சொன்னான். பாவம், அவனுக்கு என்ன நடக்குதுன்னே தெரியல.

"பாயசமும் வேணாம். என் தங்கச்சியைக் குடு. அவ வாயை அவகிட்டக் குடு. ஒட்டின வாலை எடுத்துடு."

மாயாவி விழுந்து விழுந்து சிரிச்சான். "எடுக்கறதா? பைத்தியக்காரி. ஒட்டத்தான் தெரியும் இந்த வாலுக்கு. ஒட்டினது ஒட்டினதுதான், கழட்ட முடியாது. லத்தீன்காரன் செத்தே போனான், அவனாலயே முடியல!"

பேச்சி கண்ணு சின்னதாச்சு. கழட்ட முடியாதாம். இவன் வாலுக்கு என்ன வேலை? முடியாததை முடிய வைக்கிறதுதானே? பிறகென்ன?

ஆனா வால் குப்பிக்குள்ள இருக்கு, குப்பி அவன் கழுத்துல இருக்கு. அதை அவனே திறக்கணும். பேச்சிக்குத் தெரிஞ்ச வித்தை ஒண்ணே ஒண்ணுதான். கடன் சொல்லிட்டு நழுவப் பாக்கறவனைக் கடற்கரையில நிக்க வெச்சு, அவன் பொறுமை போற வரைக்கும் பேசறது. ஆரம்பிச்சா.

"உன் வால் வெறும் தண்ணிப் பாம்பு. கேக்கறவங்ககிட்டதான் பலிக்கும்."

"வாயை மூடு."

"மூட மாட்டேன். எங்க ஊர் ஜனங்க ஏமாந்தவங்க, பலிச்சுது. என்கிட்டப் பலிக்காது."

"நான் சொல்றேன், வாயை மூடு!"

"நான்தான் சொன்னேனே, மூட மாட்டேன். குல்லாயைக் கழட்டிட்டுப் பேசு, உயரமாவது சரியாத் தெரியட்டும்."

முன்வரிசையில நாலு பேர் களுக்குன்னு சிரிச்சாங்க. மாயாவிக்கு முகம் செங்கல்லாச் சிவந்துச்சு. சிம்மாசனத்துல இருந்து குதிச்சான். குப்பியைத் திறந்தான். வாலை எடுத்து, பேச்சி நெத்திக்கு நேரா நீட்டினான்.

"சொல்லைச் சொல்லு, வாலை ஒட்டு, முடியாதது..."

அவ்வளவுதான் சொல்ல விட்டா. சட்டுனு கையை நீட்டி வாலைப் பிடிச்சா. வழவழன்னு நழுவுச்சு, துள்ளுச்சு, நெளிஞ்சுது. விடல. ரெண்டு நுனியையும் சேத்து மடக்கி, வால் வாலையே தொடுற மாதிரி அழுத்திப் பிடிச்சா. பிடிச்சுக்கிட்டு, ஊரே கேட்டுப் பழகின அந்த மந்திரத்தை அக்கரைக்குக் கேக்கற குரல்ல கத்தினா.

"சொல்லைச் சொல்லு, வாலை ஒட்டு,
முடியாதது முடியும், தொட்டுக் காட்டு!
கழட்டபிள்!"

மாயாவி வாயைப் பிளந்துட்டான். "என்னது? கழட்டபிளா? அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது! செல்லாது, செல்லாது!"

"ஏன் செல்லாது? லத்தீன்காரன் வாலை நீங்க உங்க முதுகுல ஒட்டிக்கிட்டீங்க, ஒட்டிக்கிச்சு. எங்க முதுகுல ஒட்டாதா?"

"அது என் வால்! நான் சொன்னாத்தான் பலிக்கும்!"

"அரண்மனையைத் தூக்கினவன்கிட்டப் போய்ச் சொல்லு அதை! உன் வால் யாரைக் கேட்டுது? முடியும்னு சொன்னா யாராலயும் முடியும். அதானே இத்தனை நாளா இந்த ஊரை நாசம் பண்ணுது?"

அவ சொல்லி வாய் மூடல, மண்டபம் முழுக்க 'ஐயே'ன்னு ஒரு சத்தம். ஒவ்வொருத்தர் பிடரியிலயும், முடிக்குக் கீழே, சின்னச் சின்னதா வால் தெரிஞ்சுது. இத்தனை நாளும் அங்கேதான் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, கண்ணுக்குத்தான் தெரியல. புரோகிதருக்கு ஒண்ணு, மேளக்காரருக்கு ஒண்ணு, தரையில உக்காந்திருந்த ராஜாவுக்கு ரெண்டு. அவன் காப்பியும் ரசமும் அதிகமாக் குடிக்கிறவன்.

உக்கிரபாகு பிடரியிலயும் ஒண்ணு துடிச்சுது. அவனும்தானே அந்தத் தண்ணியைக் குடிச்சான்? ஆனா அவனை யாரும் திருப்பிப் பாக்கல, சவுக்குக்குப் பயம். சவுக்குக்காரனைத் திருப்ப முடியும்னு தெரிஞ்சிருந்தா... சரி, தெரியல.

பேச்சி மணமேடைக்குத் தாவினா. கொழுந்து பிடரியில இருந்த வாலை ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா. பட்டுனு வந்துடுச்சு. கொழுந்து ஒரு தடவை தலையை உதறினா. முகத்துல இருந்த அந்தச் சிரிப்பு போச்சு. கண்ணுல நின்ன தண்ணி கடகடன்னு கன்னத்துல இறங்குச்சு.

உக்கிரபாகு கத்தினான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ! சரின்னு சொல்லு!"

பேச்சி வாயைத் திறந்தா. திறந்த வாயை மூடிக்கிட்டா. ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு அவளைத் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

கொழுந்து மாலையைக் கழட்டினா. மடிச்சு மணமேடையில வெச்சா. மெதுவா, ஆனா பின்வரிசைக்கும் கேக்கற மாதிரி சொன்னா.

"முடியாதுங்க. அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கும் முடியாது. நாளைக்கு வந்து கேட்டாலும் முடியாது."

அதுக்கப்புறம் மண்டபத்துலயும் தெருவுலயும் ஒரே பிடுங்கல். இவர் வாலை அவர் பிடுங்க, அவர் வாலை இவர் பிடுங்க, நாலு பேர் உக்காந்த நாற்காலியில மூணு பேர் கீழே தள்ளப்பட்டாங்க. மீன்காரம்மா முந்தானையைச் செருகிக்கிட்டு, கூடையைத் தூக்கினவனைத் தேடிக் கிளம்பிட்டா. கூலியாள் எழுந்து நின்னான், சுங்கக்காரன் பொத்துனு விழுந்தான். ஊரு முழுக்க சண்டை, சத்தம், வசவு. கேக்கறதுக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?

யாரோ அரண்மனைத் தூண்ல இருந்த வாலைப் பிடுங்க, அது 'தொம்'னு கனத்து மணல்ல ஒரு முழம் இறங்குச்சு. நல்லவேளை, கடற்கரையிலயே நின்னுச்சு. குளத்துக்கு அடியில ஒட்டியிருந்த வாலையும் தேடிப் பிடுங்கி எறிஞ்சாங்க. பெட்டியில இருந்த யானையை ராணி மறக்காம பிரிச்சு உதறி, அதுல ஒட்டின வாலையும் பிடுங்கினா. அது வெளியே வந்ததும் முதல்ல கேட்டது ஒரு வாழைத் தார்.

பேச்சி மணமேடைக்குத் தாவினப்போ கீழே விட்ட மூல வால், மாயாவி கைக்குச் சிக்காம துள்ளுச்சு. ஜன்னல் வழியாக் கடல்ல குதிச்சு, எந்தக் கப்பலையோ பிடிச்சுப் போயிடுச்சு. "ஐயோ என் வால்!"னு அவனும் பின்னாலேயே குதிச்சான். இன்னும் தேடிக்கிட்டு இருக்கானாம். தேடட்டும். உக்கிரபாகுவை ஊரே கூடி அடுத்த கப்பல்ல ஏத்தி விட்டுது. குதிரைங்களை விடல.

ராஜா தன் பிடரியில இருந்த ரெண்டாவது வாலையும் பிடுங்கிப் போட்டுட்டு, கழுத்தை நேராத் திருப்பிக்கிட்டு, பேச்சி முன்னால வந்து நின்னான். அவனுக்கு வெட்கம்.

"எல்லாரும் வளையணும்னு கேட்டது நான்தான். தரையில உக்காந்தப்போதான் தெரிஞ்சுது. மந்திரி பதவி தர்றேன், ஏத்துக்கறியா?"

"முடியாது மகாராஜா. அது ஒரே தலைவலி."

"ஐயோ, ஐயோ"ன்னு ஆரம்பிச்ச ராஜா பாதியில நிறுத்திக்கிட்டான். "சரிம்மா. வேற என்ன வேணும்?"

"இனிமே இந்த ஊர்ல எந்தக் கல்யாணமா இருந்தாலும், தாலி கட்டறதுக்கு முன்னால மேளத்தை நிறுத்தணும். எல்லாரும் வாயை மூடணும். பொண்ணைக் கேக்கணும். அவ சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். பக்கத்துல யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது, கூடப்பொறந்தவங்களா இருந்தாலும்."

ராஜா அப்பவே பறை அறைவிச்சான். கருங்கல்துறையில அது இன்னிக்கும் வழக்கம். மேளம் நிக்கும், ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சில பொண்ணுங்க வேணும்னே ரொம்ப நேரம் யோசிக்குங்க, மாப்பிள்ளை வேர்த்துப் போவான்.

அன்னிக்குச் சாயங்காலம் எல்லாம் அடங்கினப்புறம், அக்காவும் தங்கச்சியும் அரண்மனை வாசப்படியில நின்னாங்க. கொழுந்து அக்காவைப் பாக்கவே இல்ல.

"என்னடி?"

"நேத்து நீயும் என்னைத் திருப்பினே."

ஊரையே வாயால ஜெயிச்ச பேச்சி குரலைத் தணிச்சுக்கிட்டா. "உன்னைக் காப்பாத்தணும்னுதான்டி..."

"தெரியும். ஆனா உள்ளே இருந்து எனக்கு எல்லாம் கேட்டுது அக்கா. அவன் சொன்னதும் கேட்டுது, நீ சொன்னதும் கேட்டுது. ரெண்டு தடவையும் வாய்தான் என்னோடது, வார்த்தை என்னோடது இல்ல."

"தப்புதான்டி"ன்னா பேச்சி. அப்புறம் தயங்கித் தயங்கி, "வீட்டுக்கு வர்றியா? வான்னு சொல்லல. கேக்கறேன்"ன்னா.

கொழுந்து கடலைப் பாத்தா.

"இப்போ முடியாது. நான் கொஞ்சம் தனியா உக்காரணும்."

பேச்சிக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. "முடியாதாமே! முடியாதாமே!"ன்னு வழியில பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போனா. போய் அடுப்பைப் பத்த வெச்சு, ரெண்டு பேருக்கும் சோறு வடிச்சு மூடி வெச்சா. கதவைச் சாத்தல, ஆள் அனுப்பிக் கூப்பிடவும் இல்ல. கொழுந்து தனக்கு எப்போ வரணும்னு தோணுச்சோ, அப்போ வந்தா.